ஏழு ஜன்னல் வைத்த பாட்டு

விதி தெளிவாகத்தான் இருந்தது. ஓர் அரசு ஊழியர் வானொலிக்கு எழுதுவதோ பேசுவதோ பாடுவதோ முற்றிலும் இலக்கியம், கலை, அறிவியல் சார்ந்ததாக இருந்தால், அதற்கு முன் அனுமதி பெறத் தேவையில்லை. அந்த விதியின் எண்ணையும் உட்பிரிவையும் இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இங்கே எழுதாமல் விடுவதற்கு ஒரே காரணம், படிக்கிறவர்களில் என்னைப் போன்ற ஒருவர் இருந்தால் அதை எடுத்துச் சரிபார்க்கப் போய்விடுவார். மீதியைப் படிக்க மாட்டார்.

ஆவடியில் ஒரு தொழிற்சாலையின் நிர்வாகப் பிரிவில் எனக்கு வேலை. நடத்தை விதிகள் தொடர்பான கோப்புகள் எல்லாம் என் மேசைக்கு வரும். ஸ்கூட்டர் வாங்குகிறவர், மனை வாங்குகிறவர், குடியிருப்பு நாடகத்தில் ராஜா வேஷம் கட்டுகிறவர் என்று எல்லோரும் அனுமதி வேண்டுமா வேண்டாமா என்று என்னிடம்தான் கேட்பார்கள். வேண்டும் என்று விதி சொன்னால் வேண்டும் என்பேன். வேண்டாம் என்று விதி சொன்னால், "எதற்கும் ஒரு விண்ணப்பம் கொடுத்து வையுங்கள்" என்பேன். இருபது வருடம் இதைச் சொல்லிச் சம்பளம் வாங்கியிருக்கிறேன். அந்த ஆலோசனையை ஒரே ஒருவர்தான் முழுமையாகக் கடைப்பிடித்தார். அது நான்.

எண்பத்தேழாம் வருடம் வானொலியில் மெல்லிசைக்குப் புதிய பாடலாசிரியர்கள் தேவை என்று அறிவித்தார்கள். பத்துப் பாட்டு எழுதி அனுப்ப வேண்டும். தேறினால் நம் பாட்டுக்கு மெட்டமைத்து யாராவது பாடுவார்கள். பாடி முடிந்ததும் "பாடலை இயற்றியவர்" என்று சொல்லிப் பெயரையும் சொல்வார்கள். எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பெயரைச் சொல்கிற இடம்தான். அலுவலகத்தில் என் பெயரைச் சொன்னவர்கள் எல்லாம் அதற்குப் பின்னால் ஒரு புகாரையும் சேர்த்தே சொல்லியிருந்தார்கள். புகார் இல்லாமல் ஒரே ஒருமுறை, அதுவும் நல்ல குரலில், அதைக் கேட்க வேண்டும் என்று ஆசை. என் மனைவி அறிவிப்பைக் கேட்ட அன்றே டிரான்சிஸ்டருக்குப் புது பேட்டரி போட்டுவிட்டாள்.

என்னிடம் பத்துப் பாட்டு இருந்தது. உண்மையைச் சொன்னால் ஐந்துதான். அதைப் பத்தாக்கியது சினிமாவிலிருந்து நான் கற்ற பாடம்.

அந்தக் காலத்துப் படங்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். இடைவேளைக்கு முன்னால் கதாநாயகனும் கதாநாயகியும் பூங்காவில் ஓடி ஓடி ஒரு பாட்டுப் பாடுவார்கள். இடைவேளைக்குப் பின்னால் அதே மெட்டை, அதே ஆளோ அல்லது அவன் மனைவியோ, கொஞ்சம் இழுத்து, வயலின் சேர்த்து, முடிந்தால் மழையும் சேர்த்துப் பாடுவார்கள். இசைத்தட்டின் உறையில் அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் "சோகம்" என்று போட்டிருக்கும். மெட்டுக்கு உழைப்பு ஒருமுறை, பாட்டு இரண்டு. நான் இதை ஆராய்ந்து ஒரு கொள்கையாகவே வைத்திருந்தேன். மனித வாழ்க்கையில் இன்பத்துக்கும் துன்பத்துக்கும் நடுவில் இருப்பது ஓர் இடைவேளைதான். முறுக்கும் டீயும் சாப்பிட்டுவிட்டு வந்தால் துன்பம் தொடங்கியிருக்கும்.

எனவே முதலில் ஐந்து சந்தோஷப் பாட்டு எழுதினேன். பிறகு ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு சோகப் பாட்டு. "வந்தாய்" என்று இருந்த இடத்தில் "சென்றாய்" என்று திருத்தினேன். "பூத்தது" என்பது "உதிர்ந்தது" ஆயிற்று. வேலை சுலபமாக முடிந்தது. அலுவலகத்தில் "அனுமதிக்கப்படுகிறது" என்பதை "நிராகரிக்கப்படுகிறது" என்று மாற்றி அதே தாளைத் தட்டச்சுக்கு அனுப்புவது போலத்தான்.

சந்தோஷப் பாட்டில் எனக்குப் பிடித்தது இது:

ஏரிக் கரையில் வீடு கட்டி
ஏழு ஜன்னல் திறந்து வைப்பேன்
ஏறி வரும் நிலவைப் பிடித்து
உன் கூந்தலிலே செருகி வைப்பேன்

ஏரி என்று எழுதும்போது பருத்திப்பட்டு ஏரிதான் மனதில் இருந்தது. எங்கள் குடியிருப்பிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். இதற்கு நான் எழுதிய சோக ஜோடியில் ஒருவன் பாலைவனத்தில் தனியாக நடந்துகொண்டிருந்தான். ஆவடியில் ஏது பாலைவனம் என்று கேட்கக்கூடாது. சோகம் என்றால் மணல் வேண்டும் என்று அப்போது நினைத்திருந்தேன்.

அது கோடைக்காலம். குடியிருப்பில் குழாய் வெறும் காற்றை விட்டுக்கொண்டிருந்தது. தண்ணீர் லாரி என்றைக்கு வரும், எந்தத் தெருவில் நிற்கும் என்பது லாரிக்காரருக்கே தெரியாது. என் மனைவி இரண்டு மணி நேரம் நின்று இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் குடத்தோடு வந்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்தபடி பாலைவனப் பாட்டைப் படித்துக் காட்டினேன். குடத்தை இறக்கும்வரை கேட்டாள்.

"அவனுக்கு என்னங்க, தனியா நடக்கிறான். குடம் தூக்கற வேலையாவது இல்ல" என்றாள்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுத்திருப்பேன். அன்று சாயங்காலம் பாலைவனத்தை அடித்துவிட்டு அதே மெட்டுக்கு இப்படி எழுதினேன்:

ஏரி வற்றிப் போன பின்னே
ஏழு குடம் காத்திருக்கு
ஏறி வரும் லாரிச் சத்தம்
எந்தத் தெருவில் நின்றிருக்கு

மறுநாள் பாத்திரம் துலக்கும்போது அவள் இதை முணுமுணுத்தாள். அவளுக்கு நல்ல குரல். எனக்குத் தெரிந்து என் எழுத்து ஒன்று என் கையெழுத்தோ முத்திரையோ இல்லாமல் செயலுக்கு வந்தது அதுதான் முதல்முறை.

பத்துப் பாட்டையும் உறையில் போட்டு நேராக வானொலி நிலையத்துக்கு அனுப்பியிருக்கலாம். விதி அனுமதித்தது. விதி எனக்குத் தெரியும். ஆனால் அதில் "முற்றிலும்" என்று ஒரு சொல் இருந்தது. என் பாட்டு முற்றிலும் இலக்கியம்தானா? இந்தச் சந்தேகம் வந்தது என்று சொன்னால் அடக்கமாகத் தெரியும். உண்மை அதுவல்ல. அது இலக்கியம்தான் என்று அரசு முத்திரை குத்திய ஒரு தாள் எனக்கு வேண்டியிருந்தது. அப்படி ஒரு தாள் தமிழில் எழுதுகிற வேறு யாரிடமும் இருக்காது என்று தோன்றியது. பாட்டுகளை இணைத்து, அனுமதி கோரி, முறையான வழியில் விண்ணப்பம் கொடுத்தேன்.

முறையான வழி என்றால் எங்கள் பிரிவின் கண்காணிப்பாளர். திருநெல்வேலிக்காரர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, கோப்பை மூக்குக்கு அருகில் வைத்துப் படிப்பார். முதல் குறிப்பு ஒரு வாரத்தில் வந்தது. பாடல்களை இன்பம், துன்பம் என்று இரண்டு கலங்களாகப் பிரித்து அட்டவணை தர வேண்டும். துன்பம் யாருடையது, எப்போதிலிருந்து, அது குறித்து ஏற்கெனவே முறையீடு ஏதும் செய்யப்பட்டிருக்கிறதா என்பதையும் குறிப்பிட வேண்டும்.

நான் கோபப்படவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் இதையேதான் கேட்டிருப்பேன். சொல்லப்போனால் மூன்று பிரதி கேட்டிருப்பேன். ஒரு தாலாட்டு மட்டும் எந்தக் கலத்தில் அடங்கும் என்று தெரியாமல் இரண்டு நாள் போயிற்று. அதில் தாய் பாடிக்கொண்டே கணவன் வேலைக்குப் போன ஊரை ஏசுகிறாள், குழந்தையோ நிம்மதியாகத் தூங்குகிறது. கோட்டின் மேலேயே எழுதிவைத்தேன்.

துன்பக் கலத்தில் வம்பு வரும் என்று தயாராக இருந்தேன். லாரிப் பாட்டை யாராவது நிர்வாகத்தின் மீதான விமர்சனம் என்று சொல்லலாம், அதற்கு இரண்டு பக்கத்தில் பதிலும் எழுதிவைத்திருந்தேன். அட்டவணை திரும்பி வந்தபோது துன்பக் கலத்துக்கு எதிரே பச்சை மையில் ஒரே வரிதான் இருந்தது: "விவரங்கள் சரிபார்க்கப்பட்டன. சரியாக உள்ளன." அவரும் குடியிருப்பில்தான் இருந்தார். அவர் வீட்டிலும் லாரிதான்.

கேள்வி வந்தது இன்பக் கலத்துக்கு. என்னைக் கூப்பிட்டார்.

"வீடு கட்டுவேன்னு எழுதியிருக்கீரே, எங்கவே இருக்கு அந்த வீடு?"

"பாட்டுல இருக்கு, சார்."

"பாட்டுல இருந்தா சர்வே நம்பர் கிடையாதோ?"

அசையாச் சொத்து பற்றிய விதியை அவர் எனக்கு நினைவுபடுத்தத் தேவையில்லை. ஊழியர் வீடோ மனையோ வாங்குவதற்கு முன்னால் தெரிவிக்க வேண்டும். எப்படிக் கட்டுகிறார், பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். நான் எழுதியிருந்த வீட்டில் ஏழு ஜன்னல் இருந்தது. என் சம்பளத்துக்கு ஏழு ஜன்னல் அதிகம் என்பது யாருக்கும் தெரியும். அதோடு ஏரிக்கரை என்பது பட்டா நிலமா, புறம்போக்கா என்ற கேள்வியும் இருந்தது. கற்பனை வீடு என்று எழுதிக் கொடுத்தேன். கற்பனைதான் என்பதற்கு உறுதிமொழி கேட்டு மறுபடி குறிப்பு வந்தது. "மேற்படி வீடு இல்லை, இருந்ததில்லை, ஏரியின் எந்தக் கரையிலும் கட்ட உத்தேசமும் இல்லை" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பாட்டு எழுதியதைவிட அதை நன்றாக எழுதியிருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

இதற்குள் வானொலி சொன்ன கடைசித் தேதி கடந்துவிட்டது. மறுவருடம் மறுபடி அழைத்தார்கள். மனைவி, "போங்க, ஒரு கவர்ல போட்டு அனுப்பிடுங்களேன்" என்றாள். அனுப்ப முடியாது என்று அவளுக்கு விளக்கினேன். கேட்காமலே அனுப்பியிருந்தால் அது விதிப்படி சரி. கேட்டுவிட்டுப் பதில் வருவதற்குள் அனுப்பினால் அது ஒழுங்கீனம். அவள் டிரான்சிஸ்டரிலிருந்து பேட்டரியை எடுத்து டார்ச்சில் போட்டாள்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தாலும் பாட்டு அப்படி இருக்கவில்லை. லாரி வரிசையில் மனைவி முணுமுணுத்ததைப் பக்கத்தில் நின்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். வெல்டிங் பிரிவில் ஒருவர் இருந்தார். ஆவடிக்குப் பக்கத்துச் சேக்காட்டில் பழைய குடும்பம். தகப்பனார் காலம்வரை நிலத்தில் இருந்தவர்கள், இவர் தொழிற்சாலைக்கு வந்துவிட்டார். எங்கள் ஊழியர்களின் மெல்லிசைக் குழுவுக்கு அவர்தான் பாடகர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, சமையலறைப் பக்கமிருந்து வந்த பாட்டைக் கேட்டுவிட்டு, யார் எழுதியது என்று விசாரித்தார். நான் எழுதியதுதான், அனுமதிக்குப் போயிருக்கிறது, வரும்வரை யாரும் பாடக்கூடாது என்றேன்.

"பாட்டுக்கு இன்னாத்துக்கு சார் பர்மிசன்? குயிலு எய்தி வாங்கிகினா கூவுது?"

குயில் அரசு ஊழியர் அல்ல என்று சொன்னேன். அவர் என் மனைவியைப் பார்த்தார், அவள் காபி எடுத்துவர உள்ளே போனாள். காபி வர வழக்கத்தைவிட நேரமாயிற்று. இரண்டு பாட்டின் எல்லா வரிகளும் அன்று கைமாறின என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஆயுத பூஜை எங்கள் தொழிற்சாலைக்குப் பெரிய நாள். அன்று ஒருநாள் மட்டும் குடும்பத்தை உள்ளே விடுவார்கள். இயந்திரங்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. பெரிய பட்டறையின் ஒரு மூலையில் மேடை போட்டு மெல்லிசை நடக்கும். நான் பொரியும் சுண்டலும் கொண்ட பொட்டலத்தோடு, கண்காணிப்பாளருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சேக்காட்டுக்காரர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"அடுத்த பாட்டு நம்ம ஆளு ஒருத்தரு எய்தினது. பேர சொல்லக்கூடாதுன்னு ரூல்சு கீது" என்றார்.

கூட்டம் முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. தொழிற்சாலையில் ரூல்ஸ் என்றால் வேறு யாரையும் பார்க்க வழியில்லை. என் பெயர் ஒலிபெருக்கியில் வர வேண்டும் என்ற ஆசை நிறைவேறுவதற்கு இதைவிட அருகில் நான் வந்ததே இல்லை.

அவர் பாடியது லாரிப் பாட்டு. இழுத்து இழுத்துப் பாட வேண்டும் என்று நான் கற்பனை செய்திருந்த பாட்டை, பாங்கோஸ் தெறிக்க, ஆயுத பூஜை வேகத்தில் பாடினார். "எந்தத் தெருவில் நின்றிருக்கு" என்று அவர் நிறுத்தினால், பெண்கள் பக்கத்திலிருந்து ஆளுக்கொரு தெருவின் பெயரைக் கத்தினார்கள். சிரிப்பு அடங்கவில்லை. மறுபடி பாடச் சொன்னார்கள். என் மனைவி தன் வரிசைத் தோழிகளோடு சேர்ந்து கை தட்டிக்கொண்டிருந்தாள். என்னுடைய துன்பத்துக்கு இப்படி ஒரு வரவேற்பு இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பக்கத்தில் கண்காணிப்பாளரின் விரல் நாற்காலிக் கையில் தாளம் போட்டது. நான் பார்ப்பதைப் பார்த்து விரலை மடக்கிக்கொண்டார்.

பிறகு மேடைக்குப் பின்னால் போய் நியாயம் பேசினேன். அது சோகப் பாட்டு, இப்படிப் பாடலாமா என்று கேட்டேன். அவர் சோடா குடித்துக்கொண்டிருந்தார்.

"சோகமா பாடினா ஜனம் எய்ந்து ஊட்டுக்குப் பூடும் அண்ணாத்தே. அவங்களே தண்ணிக்கு அல்லாடிகினு கீறாங்க. அவங்கள்ட்டயே போய் தண்ணி இல்லன்னு நாம அழுவறதா? இன்னா நியாயம்?"

அனுமதியின்றிப் பாடியதற்கு நடவடிக்கை உண்டா என்று ஒரு வாரம் பயந்தேன். கண்காணிப்பாளர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த வாரமே வீட்டுப் பாட்டின் மீது இன்னொரு கேள்வி வந்தது: ஜன்னல்கள் ஏழும் எந்தத் திசையை நோக்கியவை?

இந்த இடத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். எங்கள் தொழிற்சாலையில் முடிந்தவர்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான். வேப்பம்பட்டில் ஒரு மனை வாங்கினேன். ஸ்டேஷனிலிருந்து நடந்தால் வருகிற இடம், சுற்றிலும் வேலிகாத்தான் முள். விதிப்படி முன்கூட்டியே தெரிவித்தேன். அந்தக் கடிதம் அலுவலகத்தில் என் பெயரில் ஏற்கெனவே இருந்த வீட்டுக் கோப்பில் போய்ச் சேர்ந்தது. அதாவது பாட்டுக் கோப்பில். "ஊழியர் முன்னர் குறிப்பிட்ட ஏரிக்கரை வீட்டுக்கு மேல் இது இரண்டாவது சொத்தா?" என்று கேட்டிருந்தார்கள். முதல் வீடு பாட்டு, இரண்டாவதுதான் மனை என்று விளக்கினேன். முதலாவது இல்லை என்றால் அதைப் பற்றி ஏன் இத்தனை கடிதங்கள் என்று அடுத்த கேள்வி.

மனை கிடைத்தது. பாட்டு கிடைக்கவில்லை.

தொண்ணூறாம் வருடம் கண்காணிப்பாளர் ஓய்வு பெற்றார். பிரிவுபசாரம் கேன்டீனில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. ஒரு ஜாங்கிரி, ஒரு போண்டா, சந்தன மாலை, சால்வை. பேசுகிறவர்கள் எல்லாம் அவர் கண்டிப்பானவர் என்று சொல்லிவிட்டு, உடனே நல்லவர் என்றும் சேர்த்துக்கொண்டார்கள். கடைசியில் யாரோ சேக்காட்டுக்காரரைப் பாடச் சொன்னார்கள். குழு வரவில்லை, வாத்தியம் எதுவும் இல்லை. அவர் எழுந்து, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வீட்டுப் பாட்டைப் பாடினார். தாளம் பிடிக்க ஆளில்லாததால் மெதுவாகத்தான் பாட முடிந்தது.

ஏரிக் கரையில் வீடு கட்டி.

நான் என் தட்டில் இருந்த போண்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் அடி முடியும்போது கேன்டீனில் டம்ளர் வைக்கிற சத்தம்கூட இல்லை. தலையைத் தூக்கினேன். கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, புதுச் சால்வையின் ஓரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

குடியிருப்பில் வாழ்ந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஓய்வு பெற்றால் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். சில மாத அவகாசம் தருவார்கள், அதற்கு மேல் இல்லை. முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்து, அங்கேயே பிள்ளைகள் பிறந்து வளர்ந்து, கொல்லையில் முருங்கையும் வைத்து, கடைசியில் சாவியைத் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். அவருக்கு மூன்று பெண்கள். கல்யாணம் முடித்ததோடு சேமிப்பும் முடிந்தது. ஊரில் பங்கு பிரித்ததில் வந்தது ஒரு களமும் கால் கிணறும். சொந்த வீடு எங்கும் இல்லை. அந்தக் கேன்டீனில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேருக்கு இல்லை. இன்பக் கலத்தில் நான் கவனமாக எழுதிவைத்த பாட்டு அது. அங்கே இருந்தவர்களுக்கு இடைவேளையே தேவைப்படவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு, மாலையைக் கையில் சுருட்டியபடி என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அந்த ஃபைல முதல் வாரமே முடிச்சிருக்கலாம்வே. அனுமதி தேவையில்லன்னு எனக்குத் தெரியாதா?"

மாலையை இன்னொரு சுற்றுச் சுருட்டினார்.

"முடிச்சா ரெக்கார்டு ரூமுக்குப் போயிரும்லா. கேள்வி எழுதினா திரும்ப என் மேசைக்கு வரும். இன்னொரு தடவ எடுத்துப் படிக்கலாம்" என்றார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "ஜன்னலு எந்தத் திசைன்னு நீர் கடைசிவரைக்கும் பதில் எழுதல" என்றார்.

என் பாட்டுக்கு நான் பெற்ற ஒரே விமர்சனம் அது. அதை ஒரு தாளில் வாங்கிக்கொள்ளாமல் விட்டது என் தொழில் தர்மத்துக்கே விரோதம்.

அவருடைய நாற்காலி எனக்கு வந்தது. கண்காணிப்பாளர் ஆனேன். முதல்நாள் அலமாரியைத் திறந்து பொறுப்பேற்றபோது மேலே இருந்தது என்னுடைய கோப்பு. ஓர் ஊழியர் தன் சொந்த விஷயத்தைத் தானே கையாளக்கூடாது. எனவே அதில் நான் கை வைக்க முடியாது. அதை மேலதிகாரிக்கு அனுப்பி வேறு ஒருவரிடம் ஒப்படைக்கும்படி கோரலாம். கோரிக்கையைப் பிரிவுக் கண்காணிப்பாளர் வழியாகத்தான் அனுப்ப வேண்டும். பிரிவுக் கண்காணிப்பாளர் நான். நான் என் சொந்தக் கோப்பைக் கையாளக்கூடாது. இந்த வட்டத்தில் எங்கே ஓட்டை என்று நான் பலமுறை தேடினேன். ஓட்டை இல்லை. நானே கட்டியதுபோல் அத்தனை உறுதியாக இருந்தது.

மனைவியிடம் சொன்னேன்.

"அப்ப நீங்க உங்ககிட்டயே ஒரு தடவ கெஞ்சிப் பாருங்களேன்" என்றாள்.

வானொலியில் இன்னொருமுறையும் அழைத்தார்கள். அது கடைசிமுறை. பிறகு வீடுகளில் தொலைக்காட்சி வந்து, மெல்லிசை கேட்கிற நேரத்தில் எல்லோரும் வேறெதையோ பார்த்தார்கள். கோப்பு நான்கு வருடம் என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. மற்றவர்களின் கோப்புகளை நான் தாமதிக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். என் பிரிவில் நிலுவையில் இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

வேப்பம்பட்டில் வீடு எழுந்தது. அங்கே ஏரி என்று சொல்வதற்கு மழைக்காலத்தில் தெருவில் நிற்கும் தண்ணீர் உண்டு. மேஸ்திரி ஜன்னல் எத்தனை என்று கேட்டபோது, நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி, "மூணு போதும். கொசு" என்றாள். அவற்றில் இரண்டு கிழக்கே பார்க்கின்றன. இந்தத் தகவலை யாருக்கு அனுப்புவது என்று தெரியவில்லை.

தொண்ணூற்று நான்கு மே மாதக் கடைசியில் நான் ஓய்வு பெற்றேன். கேன்டீன், ஜாங்கிரி, போண்டா. சேக்காட்டுக்காரர் அருகில் வந்து எந்தப் பாட்டு என்று கேட்டார். எதுவும் வேண்டாம், இன்னும் அனுமதி வரவில்லை என்றேன்.

"இன்னிக்கு சங்கு ஊதற வரிக்கும்தான் அண்ணாத்தே உங்க ரூல்சு" என்றார். பிறகு லாரிப் பாட்டைப் பாடினார். எல்லோரும் தட்டில் தாளம் போட்டார்கள். வீட்டுப் பாட்டை அவர் தொடவில்லை. என்னிடம் மூன்று ஜன்னல் இருந்ததால் விட்டிருக்கலாம். அல்லது நான் தாங்க மாட்டேன் என்று நினைத்திருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

மூன்றாம் நாள் காலை, குடியிருப்பில் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தோம். மனைவி பாத்திரங்களைப் பழைய நாளிதழில் சுற்றிக்கொண்டே வீட்டுப் பாட்டை முணுமுணுத்தாள். எந்த வேகம் என்று சொல்லத் தெரியவில்லை. டம்ளரைச் சுற்றும்போது வேகமாகவும், அண்டாவைச் சுற்றும்போது மெதுவாகவும் இருந்தது. அலுவலகப் பியூன் சைக்கிளில் வந்து ஓர் உறையை நீட்டினார்.

எனக்குப் பின் நாற்காலிக்கு வந்தவர், அலமாரியில் முதலில் கண்ட கோப்பை முதலில் முடித்திருக்கிறார். நான் பயிற்சி கொடுத்த பையன்தான், நன்றாகவே கற்றிருந்தார். கடிதத்தில் இரண்டே வரி. விண்ணப்பதாரர் ஓய்வு பெற்றுவிட்டதால் மேற்படி விதி அவருக்குப் பொருந்தாது. எனவே அனுமதி தரும் கேள்வி எழவில்லை, கோப்பு முடிக்கப்படுகிறது. இலக்கியமா இல்லையா என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை.

"என்னவாம்?" என்றாள் மனைவி.

"பாடலாமாம்" என்றேன்.

அவள் பாடிக்கொண்டுதான் இருந்தாள். நான் கடிதத்தை இன்னொருமுறை படித்து, மேற்கோள் எண் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். சரியாக இருந்தது. பியூன் நீட்டிய ஒப்புகைத் தாளில், பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு, கீழே தேதியையும் எழுதினேன்: 3.6.1994.